பேசிக்கொண்டே போட்ட ஊசி

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸுக்கு இளைய நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘வார்டு மாமியார்’. அது தனக்குத் தெரியாது என்ற அவர்களின் நம்பிக்கையை அவர் கெடுக்கவில்லை. சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரிந்த குழந்தையின் பெற்றோரிடம் அவர் ‘ஒன்றும் ஆகாது’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒன்று ஆகித்தான் விட்டது. இனி அதோடு எப்படி இருப்பது என்பதுதான் பேச்சு. அதனால் ஆறுதலுக்குப் பதில் வேலை கொடுப்பார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, உப்புநீர் நிரப்பிய ஊசியை நீட்டி, “முதல்ல எனக்குப் போடுங்க” என்பார். தாயும் தகப்பனும் போட்டுக் காட்டாமல் எந்தக் குழந்தையும் அந்த வார்டைவிட்டுப் போக முடியாது.

ஐந்தாம் கட்டிலில் ஏழு வயதுச் சிறுமி. அம்மாவுக்குத் தையல் ஆலையில் காலை ஷிப்ட். மூன்றாம் நாளே ஊசி போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பா சலூன் கடைக்காரர். காலை ஊசி அவர் பொறுப்பு. ஆனால் ஊசி நேரம் பார்த்து அவருக்கு மட்டும் எங்கிருந்தோ போன் வந்துவிடும். போதாக்குறைக்கு மகளிடம், “வீட்டுக்குப் போயிட்டா ஊசியே கிடையாது கண்ணு” என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

ஆறாம் நாள் டாக்டர் போகலாம் என்றுவிட்டார். பை கட்டியாயிற்று. சிறுமி செருப்பும் மாட்டிக்கொண்டாள். நர்ஸ் வாசலில் வந்து மறித்தார்.

“போட்டுட்டுப் போங்க.”

“அவதான் நல்லா போடுறாளே சிஸ்டர்...” என்று சலூன்காரர் மனைவியைக் காட்டி நெளிந்தார்.

“காலைல ஆறு மணிக்கு அவங்க ஆலைல இருப்பாங்க. அங்கிருந்து கை நீளுமா?”

மனைவி சிரித்துவிட்டாள். “ஊர்ல எல்லார் கழுத்துலயும் கத்தி வைக்கிற மனுஷன் சிஸ்டர் இவரு!”

நர்ஸ் தன் சட்டைக் கையைச் சுருட்டி உப்புநீர் ஊசியை நீட்ட, சலூன்காரர் அதை வாங்கி இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார். நர்ஸ் கையைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து ஓயாத வாய், பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருந்தது. முந்தின நாள் பக்கத்துக் கட்டில் பையனுக்கு இவர் முடி வெட்டினாரே, அப்போது காதோரத்தில் கத்தரி ஒரு நூல் பிசகவில்லை, வாயும் நிற்கவில்லை.

“கடையில இப்படி ஊமையாவா வெட்டுவீங்க?”

“அது எப்படி? கஸ்டமர் தூங்கிடுவாரே!”

“அப்போ பேசுங்க.”

சலூன்காரர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். “மேல கொஞ்சம் குறைச்சிடட்டுங்களா? போன தடவை எவன் வெட்டினான், இப்படிக் குதறி வெச்சிருக்கானே...”

சொல்லி முடிப்பதற்குள் ஊசி இறங்கியிருந்தது. நர்ஸுக்கே தெரியவில்லை.

அடுத்து மகள். புது ஊசியில் மருந்தை ஏற்றினார்.

“மேடத்துக்குக் கிருதா எவ்வளவு வைக்கட்டும்?”

“எனக்கு ஏதுப்பா கிருதா!” அவள் சிரிக்கும்போதே ஊசி போய்த் திரும்பிவிட்டது. உடனே அவர் குனிந்து, கழுத்து முடியை ஊதுவதுபோல் அந்த இடத்தில் பூவென்று ஊதினார்.

“ஊதாதீங்க! துண்டையும் உதறிடாதீங்க!” என்று நர்ஸ் அதட்ட, வார்டே சிரித்தது.

சிரித்து முடித்த சிறுமி கேட்டாள். “அவ்வளவுதானே? நாளைக்குக் கிடையாதே?”

அம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் சட்டைக் கையை இறக்கிவிடுவதில் மும்முரமாக இருந்தார். அது அவர் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

சலூன்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “இருக்கு கண்ணு. அப்பா பொய் சொல்லிட்டேன். நாளைக்கும் இருக்கு, மறுநாளும் இருக்கு. தினமும்.”

சிறுமியின் உதடு பிதுங்கியது. செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“யார் போடுவீங்க?”

“காலைல நான். சாயங்காலம் அம்மா.”

“அம்மா பேசவே மாட்டாங்க. சாயங்காலமும் நீயே போடுப்பா.”

“அடிப்பாவி! மூணு நாளா போட்ட கைக்கு இதுதான் மரியாதையா?” என்று அம்மா எகிற, “நானா சொன்னேன்? தொழில் தெரிஞ்சவன்கிட்டதான் கூட்டம் வரும்” என்றார் அப்பா.

“சண்டையை வீட்டுல போய் வெச்சுக்குங்க” என்று நர்ஸ் கையெழுத்துப் போட்ட டிஸ்சார்ஜ் காகிதத்தை நீட்டினார்.