அமாவாசையன்று ஓடிய தறி

தொண்ணூறுகளின் நடுவில் மூன்று ஆண்டுகள், சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்ததும் கோவையிலிருந்து பல்லடத்துக்குப் பஸ் ஏறி, அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து வந்தேன். அவர் ஒரு பெண்மணி. வக்கீலாக இருந்து தேர்தலுக்கு வந்தவர். நான் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று குறித்துவைப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. மழை பெய்தது, கரண்ட் போனது, பெட்ரோல் விலை ஏறியது எல்லாவற்றையும் தேதி போட்டு டைரியில் எழுதுவேன். இதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த அம்மையார் என்னைக் கூப்பிட்டார்.

மனு கொடுக்க வருபவர்களில் பாதிப் பேர் பெண்கள். அடி, உதை, வீட்டை விட்டு விரட்டியது என்று சொல்லி அழுவார்கள். அன்றைக்கு எந்தத் தேதி என்று கேட்டால் தெரியாது. அம்மையார் கண்டிப்பாக இருந்தார்.

"தேதியில்லாமப் போனா ஸ்டேஷன்ல கதைம்பாங்க. சட்டசபையில நான் எந்திரிச்சாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் தேதி வேணுங்க."

சட்டசபையில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான். கணவன் வீட்டில் வாழும் பெண்ணை அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், வீடு யார் பெயரில் இருந்தாலும் அவள் திரும்ப உள்ளே போக ஒரு சட்டம் வேண்டும். அடித்தவனைப் பிடித்து உள்ளே வைக்கச் சட்டம் இருந்தது. சாத்திய கதவைத் திறக்க அப்போது சட்டம் இல்லை. அதற்காகத்தான் மனுக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டோடு நான்கு விசைத்தறி. புருஷன் அடித்து விரட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆறு வயது மகள் உள்ளே மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு என்ற புள்ள வேணுமுங்கண்ணா. அப்பறம் என்ற ஊட்டுக்குள்ள நான் போகோணும். வேறொண்ணும் கேக்கலீங்க."

தேதி கேட்டேன். அவர் பாவுக் கணக்கில் சொன்னார். பாவு என்பது தறியில் ஏற்றும் நீள நூல். ஒரு பாவு தீர்ந்தால் அடுத்ததை அதன் நுனியோடு பிணைத்து ஓட்டுவார்கள். "சித்திரையில வந்த பாவைப் பிணைச்ச மறுநாளு", "அதுக்கடுத்த பாவு பாதி ஓடறப்ப" என்று ஐந்து தடவை அடி வாங்கியதைச் சொன்னார். மஞ்சள் பையில் நூல்காரர் பாவு அனுப்பிய துண்டுச் சீட்டுகள் இருந்தன. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சீட்டுத் தேதியிலிருந்து நாளை எண்ணினேன். மறுநாள் என் டைரிகளை எடுத்துவைத்து, அவர் சொன்ன மழையையும் கரண்ட் தடையையும் ஒத்துப் பார்த்தேன். ஐந்துக்கும் தேதி கிடைத்தது. நான்காவதற்கு மட்டும் சீட்டு இல்லை. முந்தைய பாவு ஓடிய வேகத்தை வைத்து ஒரு வியாழக்கிழமை என்று முடிவு செய்து, 'அன்று தறி ஓடிக்கொண்டிருந்தபோது' என்று எழுதினேன். ஐந்தும் வரிசையாக நின்றதைப் பார்த்து அந்த அம்மையாரே பாராட்டினார்.

பத்து நாள் கழித்து மகளிர் காவல் நிலையத்தில் விசாரணை. எம்.எல்.ஏ. அம்மையார் வந்திருந்தார். மனு எழுதியவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பில் புருஷனும் வந்திருந்தார். அவருடைய அண்ணன்தான் பேசினார். மனுவின் நகலை நிதானமாகப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க மேடம், இந்த நாலாவது தேதி அமாவாசைங்க. எங்கூர்ல அமாவாசைக்குத் தறி ஓடுச்சுன்னா அவ்வளவு வேலைக்காரங்கன்னு எங்களுக்கு மாலையே போடலாமுங்க. எந்தம்பி அன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டாப்ல. கூட நாப்பது பேரு சாட்சி."

பின்னால் நின்ற அவர்கள் ஊர் ஆட்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். அமாவாசைதான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அன்றைக்குத் தறியை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மில்லில் அமாவாசையானாலும் மூன்று ஷிப்ட் ஓடும். அதனால் அதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா, ஒண்ணு பொய்யின்னா மத்த நாலையும் நான் எப்படி நம்பறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு உறைத்தது அவருடைய கஷ்டமல்ல. என் கணக்கு நாலு பேர் முன்னால் தப்பாகிப்போனதுதான். பிறகு எழுந்து, தேதிகள் எல்லாம் நான் கணக்குப் போட்டு எழுதியவை, அவர் ஒரு தேதியும் சொல்லவில்லை என்றேன்.

"ஆமாங்க," என்றார் அந்தப் பெண். "தேதி அவுருதுங்க. அடி என்னுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மனுவை ஓரமாக வைத்துவிட்டு, "நீயே சொல்லு" என்றார். அந்தப் பெண் பாவுக் கணக்கிலேயே மறுபடி சொன்னார். நான்காவது தடவை புருஷன் நாடாவால் அடித்தார் என்றார். தறியில் குறுக்கே ஓடுமே, இரு முனையிலும் இரும்பு வைத்த அந்தக் கட்டை. காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. நாள் குறிப்பதிலேயே கவனமாக இருந்த நான் எதால் அடித்தார் என்று கேட்கவில்லை. மனுவிலும் அது இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார். திரும்பிப் புருஷனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் குரலை மாற்றிக்கொண்டார். "அதெல்லாம் எதுக்குங்க, பேசி முடிச்சுக்கலாமுங்க. புள்ளையைக் கூட்டீட்டுப் போகட்டும். 'என் இஷ்டத்துலதான் போறேன், ஊட்டுல எனக்குப் பாத்தியதை இல்லை'ன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தரட்டும்." என் பக்கம் கையைக் காட்டினார். "இவுரு எழுத்துத்தான் முத்து முத்தா இருக்குதே. இவுரையே எழுதச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதுமே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது. அம்மையார் அவர் கையைப் பிடித்தார்.

"அம்மணி, வேண்டாம். புள்ள வேற, ஊடு வேற. அதைக் குடுத்து இதை வாங்காத."

நான் பேனாவை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர், பேப்பர் எதுவும் வேண்டாம், சாயங்காலத்துக்குள் குழந்தை இங்கே வந்தாக வேண்டும், நாடாவால் அடித்ததற்கு வழக்குப் பதிவாகும் என்றார். நான்கு மணிக்குக் குழந்தை பள்ளிக்கூட யூனிபாரத்தோடு வந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப ஊடுங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"அது உன்ற மாமனார் பேர்ல இருக்குது. அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பெண் எம்.எல்.ஏ. அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் பூசி மெழுகாமல் சொன்னார்: "அதுக்குச் சட்டம் இல்ல, அம்மணி. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"அந்தச் சட்டம் வர்ற வரைக்கும் நான் எங்கீங்க இருக்கறது?"

வெளியே வந்ததும் அம்மையார் என்னிடம், "தப்பு உங்களுது மட்டுமில்லீங்க. தேதி, தேதின்னு கேட்டது நானு," என்றார். பிறகு அந்தப் பெண் கடைசியாகக் கேட்டதை அவர் சொன்னது போலவே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதித் தரச் சொன்னார். அவருடைய ஜீப்பின் முன்புறத்தில் வைத்து எழுதிக் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தொடரில் அதைப் படித்ததாகச் சொன்னார். படித்து முடிக்கும் முன்பே நேரம் ஆகிவிட்டது என்று உட்காரச் சொல்லிவிட்டார்களாம்.

அன்று நானும் அந்தப் பெண்ணும் குழந்தையும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். காங்கேயம் பஸ் நின்றிருந்தது. அவருடைய அப்பா வீடு அந்தப் பக்கம். குழந்தை முதல் முறையாக வாயைத் திறந்து, "அப்புச்சி ஊட்டுக்காம்மா? நம்மூட்டுக்கு எப்பப் போறது?" என்று கேட்டது. அவர் அதை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பையைத் துழாவினார்.