கம்பத்தடிப் புல்

கோடைக்கால அரங்கத்தில் அவளுக்குத் தண்ணியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

கூரையில்லாத அரங்கம் அது. குன்றுச் சரிவைப் படிப்படியாக வெட்டி உட்கார இடம் செய்து, அடியில் மேடை கட்டியிருந்தார்கள். கோடை முழுக்க மாலைதோறும் பாட்டோ நடனமோ இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல், ஆட்கள் வந்து உட்காரும்போதுதான் அதைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் அங்கே மூன்று தொழில் நன்றாக ஓடியது: மெத்தை வாடகை, விசிறி விற்பனை, மயக்கம். மூன்றாவது அவளுடையது. மேடைக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கூடாரம், அதில் ஒரு கட்டில், ஐஸ் பெட்டி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள். முதலுதவிப் பொறுப்பு.

அதற்கு முன்னால் முப்பது வருடம் வீடுவீடாகப் போய்ப் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொண்டாள். முறையாகப் பயிற்சி எடுத்தவள். சங்கீதம் மட்டும் சுத்தமாகத் தெரியாது. அவளுக்கு அது ரத்த அழுத்தம் மாதிரி. ஏறும், இறங்கும், அவ்வளவுதான். பெரிய பாடகர் உருகி உருகிப் பாடிக் கூட்டமே கண்ணைத் துடைத்த நேரத்தில், இந்த ஆளுக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதே என்று கவலைப்பட்டவள்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அவள் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க. தாகம் எடுத்துட்டா ஏற்கெனவே..." என்று நிறுத்துவாள். கூட்டம் மொத்தமும் "லேட்டு!" என்று கத்தும். பாடகர்களுக்குக்கூட அவ்வளவு சத்தம் கிடைக்காது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஊருக்கெல்லாம் தண்ணீர் உபதேசம் செய்த இந்த மகராசி, அந்தக் கோடையில் மதியத்துக்கு மேல் ஒரு மடக்குகூடக் குடிப்பதில்லை.

காரணம் கழிப்பறை. அது கடைசி வரிசைக்கும் மேலே, குன்றின் உச்சியில் இருந்தது. படிக்கட்டின் தலைப்பில்தான் மேனேஜர் நிற்பார். புதிதாக வந்தவர். கோடை தொடங்கும்போதே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"இன்சூரன்ஸ்காரங்க கேக்கறாங்கம்மா. முதலுதவிக்கு இருக்கறவங்க மேல்வரிசை வரைக்கும் தடுமாறாம ஏறி இறங்கணுமாம். இல்லைன்னா வேற ஆள் போடச் சொல்றாங்க. உங்களால முடியும்ல?"

"முடியாம? நான் என்ன கிழவியா?"

அவர் பேச்சை மாற்றிவிட்டார். மரியாதை தெரிந்தவர்.

வலது முட்டி ஏறும்போது முனகும். இறங்கும்போது துருப்பிடித்த கதவு மாதிரிக் கத்தும். மேனேஜர் கண்ணெதிரே ஒருமுறை நொண்டினால் கூடாரம் போச்சு. கூடாரம் போனால் வீடு. வீட்டில் மகள் இருக்கிறாள், தங்கமான பெண், எதைத் தொட்டாலும் "நீ உக்காரும்மா" என்பாள். உட்கார வைக்கப்பட்டவர்கள் எவ்வளவு சீக்கிரம் படுத்துவிடுவார்கள் என்று முப்பது வருடம் கிட்டத்தில் பார்த்தவள் அவள். உட்கார அவளுக்கு இஷ்டமில்லை.

ஆகவே ஒரு கணக்குப் போட்டாள். நோயாளிக்காக மட்டும் ஏறுவது, சொந்தச் செலவுக்கு ஏறுவதில்லை. குடிக்காவிட்டால் போக வேண்டாம். போகாவிட்டால் ஏற வேண்டாம். ஏறாவிட்டால் நொண்ட வேண்டாம். அற்புதமான கணக்கு. இதே கணக்கைப் போட்ட ஒரு தலைமையாசிரியையை அவள் ஒரு காலத்தில் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். படுக்கையில் கிடந்த அந்த அம்மா, ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிட வெட்கப்பட்டு, குடிக்கக் கொடுத்த தண்ணீரை ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். செடி காடாக வளர்ந்தபோது பிடித்துவிட்டாள். "படிச்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டாள். அந்த அம்மா இப்போது இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஏனென்றால் இவளும் அதையேதான் செய்தாள். கூடாரத்து மேஜையில் பெரிய பாட்டில் ஒன்று விளம்பரத்துக்கு நிற்கும். அது நிறைந்தபடியே இருந்தால் சந்தேகம் வருமே என்று, கிளம்பும் முன் கூடாரக் கம்பத்தடியில் ஊற்றிவிடுவாள்.

மெத்தை வாடகைக்கு விடுகிறவள் முதலில் கண்டுபிடித்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவள். தோளில் மெத்தை அடுக்கோடு நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறவள். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு திரிகிறவள்.

"அக்கா, குன்று பூரா புல்லு காஞ்சு கெடக்கு. உன் கம்பத்தடில மட்டும் ஆடு மேய்க்கலாம் போல இருக்கே?"

"ஐஸ் பெட்டி ஒழுகுது."

"ஐஸ் பெட்டி அந்தப் பக்கம்ல இருக்கு?"

"உன் மெத்தைய எவனோ தூக்கிட்டுப் போறான் பாரு, போ."

அவள் போனாள். ஆனால் திரும்பித் திரும்பிப் புல்லையே பார்த்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு நடனம். காலால் தரையை அடித்து ஆடும் குழு. பாட்டைவிடப் பாதச் சத்தம்தான் முக்கியமாம். அதற்காக மேடை விளிம்பில் தட்டையான சின்ன மைக்குகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எறும்பு நடந்தாலும் கேட்கும் என்று ஒலிப்பதிவுக்காரர் பீற்றிக்கொண்டிருந்தார். அவள் வழக்கம்போல் "ஏற்கெனவே" சொன்னாள். கூட்டம் "லேட்டு" சொன்னது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒரு பருத்த மனிதருக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

போனாள். குனிந்தாள். "தலைய மேல தூக்காதீங்க, முன்னாடி சாயுங்க, மூக்க இறுக்கிப் பிடிங்க" என்றாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். நிமிர்ந்ததுதான் தப்பு. மேடை விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தூரப் போயின. அந்த மனிதர் ஒரு கையில் மூக்கையும் மறு கையில் அவளையும் பிடிக்கப் பார்த்தார். இரண்டுமே கைநழுவின.

கண் திறந்தபோது மேடை விளிம்பில் படுத்திருந்தாள். சமமான இடம் அங்கேதான் இருந்தது என்று தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். கால் இரண்டும் மெத்தை அடுக்கின்மேல் உயரத்தில். தளர்த்த வேண்டியதெல்லாம் தளர்ந்திருந்தது. நடனக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தி, வட்டமாக, காற்று வர இடம் விட்டு நின்றார்கள். யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பாராட்ட நினைத்தாள். பிறகுதான் அது தானே என்று ஞாபகம் வந்தது.

மெத்தைக்காரி அவள் புறங்கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயசானவங்களுக்குக் கையக் கிள்ளிப் பாக்கக் கூடாது. தோலு எப்படியும் தொளதொளன்னுதான் இருக்கும். நாக்கப் பாருன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"அப்ப நீட்டு."

நீட்டினாள்.

"செருப்பு மாதிரி காஞ்சிருக்கு. இன்னிக்கு என்ன குடிச்ச?"

"காலைல டீ."

"அப்புறம்?"

அவள் கண் கூடாரத்துப் பக்கம் போனது.

"புல்லு குடிச்சிருக்கு, நீ குடிக்கல. அப்படித்தானே? ஏன்க்கா?"

மயக்கம் தெளியும்போது மனிதர்கள் உண்மை பேசிவிடுவார்கள். தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் விதிவிலக்கு இல்லை.

"குடிச்சா போகணும்டி. போனா அவ்வளவு படி ஏறணும். முட்டி செத்துப்போச்சு. மேல அந்த மேனேஜர் கழுகு மாதிரி நின்னுட்டு இருக்கான். நான் நொண்டறதப் பாத்தான்னா சீட்டக் கிழிச்சிடுவான். அதான் அடக்கிக்கிட்டு..."

அப்போதுதான் குன்று முழுக்க இன்னொரு கிழவி பேசுவது கேட்டது. கரகரவென்று, சண்டைக்காரக் குரல். யாரிந்தப் பொம்பளை, இவ்வளவு அசிங்கமாகத் தன் கதையைச் சபையில் சொல்கிறாள் என்று எரிச்சல் வந்தது. "அடக்கிக்கிட்டு" என்று அந்தக் கிழவி ஒரு நொடி தாமதமாக முடித்ததும், தலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மைக் கண்ணில் பட்டது.

எறும்பு நடந்தாலும் கேட்கும்.

மறுபடி மயங்கலாமா என்று யோசித்தாள். நாடித்துடிப்பு நன்றாக இருந்தது, வழியில்லை.

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எனக்கும் அதேதாம்மா! நானும் மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் குடிக்கல!"

"நானுந்தான்!" என்றது இன்னொன்று.

"எங்க அத்தையும்!" "அடிப்பாவி, என்னை ஏண்டி இழுக்கற?"

சிரிப்பு வரிசை வரிசையாக மேலே ஏறியது. "லேட்டு" என்று வருடக்கணக்காகக் கூடச் சேர்ந்து கத்திய பெண்களில் பாதிப் பேர், அந்தப் படிக்குப் பயந்து, பைக்குள் பாட்டிலை மூடியபடி வைத்திருந்தவர்கள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்?" என்று மைக்கிலேயே திட்டினாள். "திறந்து குடிங்க, இப்பவே! நான் பாக்கறேன்."

எல்லாரும் குடித்தார்கள். அவளும் குடித்தாள், மெத்தைக்காரி தலைமாட்டில் காவல் நிற்க.

மேனேஜர் படியிறங்கி வந்தார். அவள் கூடாரத்துக் கட்டிலில் முதல்முறையாக நோயாளியாக உட்கார்ந்திருந்தாள்.

"கழுகாம்மா நான்?"

"கொஞ்சம் தூரத்துலேர்ந்து பாத்தா, தம்பி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வேற ஆள் போட்டிருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல."

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. மகள் கதவைத் திறந்து, "உன் முட்டியப் பத்தி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நீ உக்காரும்மா" என்றாள். அன்றைக்கு மட்டும் உட்கார்ந்தாள்.

மறுநாள் தன் கூடாரத்தில் வேறு யாராவது இருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனாள். கூடாரம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு லாரி நின்று, தற்காலிகக் கழிப்பறைகளை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தது. பெண்கள் புகார் எழுதி மேனேஜர் மேஜையை நிரப்பிவிட்டார்களாம். மேல்வரிசைக்கு மெத்தைக்காரியைப் போட்டிருந்தார்கள். எப்படியும் ஏறி இறங்குகிறவள்தான், வேலையும் தெரிந்திருக்கிறது என்று மேனேஜர் நேற்று கண்ணாலேயே பார்த்துவிட்டார். கீழே தண்ணியம்மா. இன்சூரன்ஸ்காரர்களுக்கு யாரோ ஏறினால் போதும்.

"உன்னைய விட எனக்கு அஞ்சு ரூபா கூட" என்றாள் மெத்தைக்காரி. பொய்தான். சும்மா சீண்டினாள்.

"உனக்குக் கையக் கிள்ளத்தான் தெரியும். மேல போய் யாரையாவது கிள்ளி வெச்சு எனக்குக் கெட்ட பேரு வாங்கித் தராத."

பதவி நிலைத்தது, கௌரவம் போனது. உயிர்காக்கும் கூடாரம் இப்போது கழிப்பறைக்கு அடையாளம் ஆகிவிட்டது. மாலை முழுக்க, "அம்மா, எது காலியா இருக்கு?" என்பதே விசாரணை. மைக்கில் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் முன் வழி சொல்ல வேண்டும். "இடப்பக்கம், என் கூடாரத்துக்கு அடுத்தது" என்பாள். அதற்கும் கை தட்டுகிறார்கள்.

அந்த வாரம் ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போய்விட்டு வந்தாள். வந்தபோதும் அதே ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் தவறவிட்டதாகத் தெரியவில்லை.

மெத்தைக்காரி அடுக்கை இறக்கி வைத்துவிட்டுக் கம்பத்தடியைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"புல்லு காஞ்சுபோச்சுக்கா."

"காயட்டும்" என்று சொல்லிப் பாட்டிலை எடுத்து, பாதி காலியாகும்வரை குடித்தாள்.