மாமா அடித்த டபுள் பெல்

என் அக்கா பஸ் டிப்போவில் மெக்கானிக். பஸ்ஸுக்கு அடியில் படுத்துவிட்டால் அவளுடைய செருப்பு மட்டும்தான் வெளியே தெரியும். எந்தச் சந்தேகமானாலும் அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அவள் கணவர், அதாவது என் மாமா, அதே டிப்போவில் கண்டக்டர். ஒரு பெல் அடித்தால் பஸ் நிற்கும், டபுள் பெல் அடித்தால் கிளம்பும். உலகத்தில் இதைத் தவிர நிச்சயமான விஷயம் எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி.

மாமாவுக்கு விளையாட்டுப் பைத்தியம் முற்றிப்போன கேஸ். எங்கே எந்தக் கோப்பைக்கு யார் மோதினாலும் டிக்கெட் கிழித்துக்கொண்டே விமர்சனம் நடக்கும். "வேகமா ஓடறவங்க எல்லாம் சாம்பியன் ஆயிட முடியாதுங்க" என்று இறங்கப் போகிறவரை மறித்துக்கொள்வார். "அப்புறம்?" என்று அந்த மனிதர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அவருடைய ஸ்டாப் போய்விடும்.

எல்லா டிப்போக்களும் சேர்ந்து வருடா வருடம் ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள். கோப்பை என்று கொடுப்பது தகர டம்ளருக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் அந்த டம்ளருக்காகப் பெண்கள் நீண்ட ஓட்டத்தில் உயிரை விடுவார்கள். அதில் அக்கா எப்போதும் இரண்டாவது. முதலாவது பக்கத்து டிப்போவில் பஸ் ஓட்டும் ஒரு அம்மா. ‘எக்ஸ்பிரஸ்’ என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். "எனக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது, அந்தம்மாவுக்கு வேகம் குறையற மாதிரி தெரியல. ஒரே ஒரு தடவை முந்திட்டேன்னா போதும்டா" என்பாள் அக்கா. சாப்பிடும்போதும் அதே பேச்சு, ஸ்பேனர் பிடிக்கும்போதும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே அந்த டம்ளர் மேல் ஆசை வந்துவிட்டது.

இந்த வருடம் பந்தயத்தன்று கடைசிச் சுற்று மணி அடிக்கிறவருக்குக் காய்ச்சல். அதிகாரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெல் அடிக்கிறதுல கண்டக்டரை விட அனுபவசாலி யாரு?" என்று மாமாவைக் கூப்பிட்டார். நிபந்தனையும் போட்டார். மணியடிக்கிறவர் நடுவர் மாதிரி. கை தட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கத்தக் கூடாது. கடைசிச் சுற்று தொடங்கும்போது விடாமல் மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான். மாமா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினார். கல்யாணத்தன்று கூட அவரை அவ்வளவு அடக்கமாக நான் பார்த்ததில்லை.

ஓட்டம் நன்றாகத்தான் போனது. எக்ஸ்பிரஸ்ஸின் முதுகை ஒட்டி அக்கா. இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது மாமாவுக்கு நேர் எதிரே அக்காவின் கால் தடுக்கியது. குப்புற விழுந்தாள். மாமா வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டார். அக்கா மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்து இரண்டடி எடுத்து வைத்தாள்.

வாயைக் கட்டிக்கொண்டவரால் கையைக் கட்ட முடியவில்லை. டிங் டிங் என்று டபுள் பெல் கொடுத்துவிட்டார்.

மைதானமே புறப்பட்டுவிட்டது. கடைசிச் சுற்று என்று நினைத்து அத்தனை பேரும் தலைதெறிக்க ஓடினார்கள். எக்ஸ்பிரஸ் முதலில் கோட்டைத் தாண்டி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் பொத் பொத்தென்று விழுந்தார்கள். நடுவர்கள் "இன்னொரு சுற்று இருக்கு" என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அக்கா மட்டும் பழைய வேகத்திலேயே வந்துகொண்டிருந்தாள். டபுள் பெல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

முன்னால் பாதை காலி. "போக்கா, போயிட்டே இரு" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவளோ கோட்டருகே வந்து நின்றுவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"எந்திரிங்க, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு" என்று எக்ஸ்பிரஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மணி அடிச்சாங்களே?"

"அது பந்தய மணி இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் பஸ்ஸை எடுத்துட்டாரு. எந்திரிங்க, புருஷன் மணியடிச்சு ஜெயிச்சவள்னு நாளைக்கு என்னைச் சொல்லுவாங்க. அந்த டம்ளர் எனக்கு வேணாம்."

எக்ஸ்பிரஸ் எழுந்தார். மற்றவர்கள் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேரும் கோட்டில் சேர்ந்து நின்று கிளம்பினார்கள். எக்ஸ்பிரஸ் ஒரு சுற்றை அவசரப்பட்டு ஓடிக் களைத்திருந்தார், அவளுக்கு முழங்காலில் ரத்தம். கணக்கு சரியாகிவிட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மாமா இப்போது சரியான மணியை விடாமல் அடித்தார். சுற்று முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிடுங்க வேண்டியிருந்தது. அதற்குள் அக்கா ஒரு சாண் முந்திக் கோட்டைத் தாண்டியிருந்தாள். நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வழுக்கைத் தலைக்காரரைக் கட்டிப் பிடித்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். அவரும் திருப்பிக் கொடுத்தார்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நேராக எக்ஸ்பிரஸ்ஸிடம் போனார். "மணியடிச்சவர் இவங்க வீட்டுக்காரர். நீங்க புகார் கொடுத்தா முடிவை ரத்து பண்ண வேண்டியதுதான்."

"புகார் இருக்கு சார்" என்றார் எக்ஸ்பிரஸ்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா முகத்தில் ஈயாடவில்லை.

எக்ஸ்பிரஸ் மூச்சு வாங்கி முடித்தார். "வருஷா வருஷம் ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போய் சமைச்சு வச்சுட்டுத் தூங்கிடுவேன். யாரு கூட ஓடினேன்னு கூட ஞாபகம் இருக்காது. இன்னைக்குத்தான் பந்தயத்துல ஓடின மாதிரி இருக்கு. இந்தம்மாவை இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? அதுதான் புகார், எழுதிக்குங்க."

விழுந்தபோது அழாதவள், ஜெயித்தபோதும் அழாதவள், அக்கா அந்தம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். மாமா அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டிருந்தார்.