பைனாகுலரில் தெரிந்த நீலச் சட்டை

எங்கள் அலுவலகப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அம்பத்தூரிலிருந்து வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போனோம். என் கணவருக்கு அன்று அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஓவர்டைம். அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

படகு ஏரிக்குள் போனதும் ஒருத்தி பைனாகுலரைக் கொடுத்தாள். பறவைகளைத் தேடிக் கரைப்பக்கம் திருப்பினேன். அங்கே என் கணவர் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த நீலச் சட்டை. கூட எவள் இருக்கிறாள் என்றுதான் முதலில் தேடினேன். யாருமில்லை.

"அண்ணா, அந்தக் கரைக்கு விடுங்க" என்றேன் படகோட்டியிடம்.

சேற்றில் கால் புதையப் போய் அவர் முன்னால் நின்றேன். மடியில் அட்டை, அதில் பாதி வரைந்த பூநாரைகள். அவர் முகம் வெளிறிப்போனது.

"நீ இங்க இன்னா பண்றே?"

"அத நான் கேக்கணும். எத்தினி நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருசமா. ஊட்ல வரைஞ்சா நீ சிரிப்பியோன்னு சொல்லல."

இத்தனை வருடத்தில் அவர் பென்சில் பிடித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பும் வரவில்லை, கோபமும் சரியாக வரவில்லை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது. தோழிகள் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, நான் இவரோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.