தாழங்காடு தூரமா?

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. தாழம்பூ பறிப்பதற்காக மண்டபத்தூர்ப் பக்கம் கடற்கரைக்குப் போனேன். பூ இல்லாமல்தான் திரும்பினேன். என் பேத்தி தாவரவியலில் மேல்படிப்பு படிக்கிறாள் (வகுப்பில் முதல், சொல்லாமல் இருக்க முடியவில்லை). கடலோரத் தாழைகளைப் பார்க்க அவளுடைய தோழிகள் போகப்போகிறார்களாம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. வழி சொல்ல அது போதும்.

எங்கள் ஊர் அம்பகரத்தூர். அப்போது மூத்த மகள் வயதுக்கு வந்து பதினான்காம் நாள். கொல்லையில் தென்னங்கீற்றுக் குச்சு கட்டி, தனித் தட்டு, தனி டம்ளரோடு அவளை உட்கார வைத்திருந்தோம். சனிக்கிழமை மஞ்சள் நீர். தாழம்பூ வைத்துச் சடை பின்ன வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம், என் சடங்கில் அது கிடைக்கவில்லை. காரைக்கால் கடைத்தெருவிலும் பூ வரவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்தான், மண்டபத்தூருக்கு வடக்கே ஒரு குப்பத்தில் ‘ஆத்தா தாழங்காடு’ இருக்கிறது என்றாள்.

காலை ஆறு பத்துக்கு எங்கள் ஊரில் பஸ். திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் பதினான்கு கிலோமீட்டர், தொண்ணூறு காசு. ஏழு மணிக்கு இறங்கி, ஏழரைக்குத் தரங்கம்பாடி பஸ்ஸைப் பிடித்தேன். கோட்டுச்சேரி தாண்டியதும் கண்டக்டர், “மீன் வாங்கவாக்கா?” என்றார்.

“பூ பறிக்க.”

“கடல்லயா?” பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

பூவம் பக்கத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து கிழக்கே இரண்டு கிலோமீட்டர் நடை. முதல் பாதி வயல் வரப்பு, மறுபாதி மணல். மணலில் செருப்பு உதவாது, கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குப்பத்து முனையில் ஒரு பெண் குடத்தோடு வந்தாள். “ஆத்தா தாழங்காடு தூரமாங்க?” என்று கேட்டேன்.

“ஆமாங்க, தூரந்தான். இன்னையோட ரெண்டு நாளு.”

இரண்டு நாள் நடக்கிற தூரமா என்று திகைத்தேன். கேலி செய்கிறாள் என்று நினைத்து நடந்துகொண்டே போனேன். வழியில் இடது கைப்பக்கம் மணல்மேட்டின் மேல் பெரிய தாழம்புதர், குறுக்கே ஒரு சிவப்புச் சேலை. பக்கத்தில் இருப்பது நாம் தேடுவதாக இருக்காது என்று அதையும் தாண்டிவிட்டேன். ஒன்றரைக் கிலோமீட்டர் போனதும் ஆற்று முகத்துவாரம். அதற்கு மேல் வழி இல்லை. திரும்பி வரும்போது மணி பத்தரை.

இப்போது சிவப்புச் சேலைக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குடக்காரியும் இருந்தாள், பெயர் ராசாத்தி. சேலையில் வேப்பிலை செருகியிருந்தது. எதிரே பனைநிழலில் கோடாலியோடு ஐந்து ஆட்கள், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி.

“அக்கா, முகத்துவாரம் வரைக்கும் போயிட்டீங்களா?” என்று ராசாத்தி சிரித்தாள். “நான் சொன்னது அந்தத் தூரம் இல்ல. ஆத்தா தூரமா இருக்கா. யாரும் உள்ள போவப்புடாது, ஒரு ஓலை கிள்ளப்புடாது.”

இளையவர்களுக்குச் சொல்கிறேன்: மாதவிலக்கை எங்கள் பக்கம் ‘தூரம்’ என்றுதான் சொல்வோம். ஒரு புதருக்கும் அந்தச் சொல் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேஸ்திரி எழுந்து வந்தார். “ஏம்மா, போன மாசமும் இதே கதை சொன்னீங்க.”

“ஒங்க வூட்டுல மாசாமாசம் வரலாம், எங்க ஆத்தாளுக்கு வரப்புடாதா மேஸ்திரி?” என்றாள் ராசாத்தி.

“மரத்துக்கு ஏதும்மா தூரம்?”

“கோடாலி எடுக்கறதுக்கு முந்தி சூடம் கொளுத்திக் கும்புட்டீங்களே, அப்ப அது சாமி. இப்ப மரமாப் பூடுச்சா?”

பெண்கள் சிரித்தார்கள். வெட்ட வந்தவர்களில் ஒருவன், “மேஸ்திரி, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்று கோடாலியைக் கீழே வைத்தான். ஊர்த் தலைவர்கள் தூரத்தில் வலை காயும் இடத்தில் நின்றார்கள். பெண்கள் பேசும் அந்த விஷயத்தைக் காதால் கேட்கக் கூசி, கிட்டே வரவில்லை.

நான் ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டேன். தாழையை அழித்துச் சவுக்கு நடுவதற்கு ஊர் ஆண்கள் சம்மதித்துவிட்டார்களாம். மேட்டின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர். குப்பம் முழுக்க அதைத்தான் குடித்தது.

“தாழவேரு போச்சுன்னா மணலு சரிஞ்சி ஊத்து மூடிப்பூடும்க்கா. அப்பறம் ஒரு கொடத்துக்கு ரெண்டு மைலு நடக்கணும். ஆம்பளயா நடப்பான்? காலையில நாங்க ஒதுங்கறதும் இந்த மறைவுலதான். பஞ்சாயத்துல சொன்னோம். பொம்பளப் பேச்சுன்னாங்க. சரி, பொம்பளப் பேச்சாவே பேசுவோம்னு வந்து ஒக்காந்துட்டோம்.”

“அப்ப ஆத்தா நெசமாவே...?” என்று இழுத்தேன்.

“அது எங்களுக்கும் அவளுக்கும் உள்ளது” என்றாள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “நீங்க வெளியூரு மாதிரி தெரியுது. எந்த ஊரும்மா?”

“அம்பகரத்தூர்.”

“காளி கோயில் ஊரா?” அவர் குரல் தணிந்தது. “அப்ப நீங்களே சொல்லுங்க. அம்மனுக்கு இப்பிடி உண்டா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் நான் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. பூ மணம் வந்தது. இல்லை என்று சொன்னால் சேலையை அவிழ்த்துவிடுவார்கள், என் மகளுக்குப் பூ கிடைக்கும். ராசாத்தி என்னைப் பார்க்கவில்லை, ஊற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொம்பளைன்னா உண்டு மேஸ்திரி” என்றேன்.

“எத்தன நாளைக்கி?”

“அத அவதான் சொல்லணும்.”

பதினொன்றேகாலுக்கு அவர்கள் கோடாலிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்படிச் சொல்லிவிட்டு, பூ கேட்க எனக்கு வாய் வரவில்லை. ராசாத்தி என் தூக்குச்சட்டியை வாங்கிப்போய் ஊற்றுத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். “மஞ்ச நீருக்கு இத ஊத்துங்க.” ஊற்றினேன். சடையில் மல்லிகைதான் வைத்தேன்.

‘தூரம்’ என்ற அந்தச் சொல் என் வீட்டில் என்னையும் மகளையும் கொல்லையில் உட்கார வைத்திருந்தது. அங்கே கோடாலியை உட்கார வைத்தது. இரண்டில் எது சாமி சொன்னது என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் மகளைக் கொல்லைக்கு அனுப்பவில்லை. மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பேத்தியோடு பிறகு ஒருமுறை போனேன். புதர் பாதிதான் இருக்கிறது, ஊற்றில் தண்ணீர் இருக்கிறது. மணக்கிற தாழம்பூ ஆண் செடியில்தான் பூக்கும் என்று பேத்தி சொன்னாள். ராசாத்தியிடம் சொன்னேன். “இருக்கட்டும், ஆத்தா வூட்டுக்காரனும் அங்கதான இருப்பான்” என்றாள்.

போகிறவர்கள் ஆவணி, புரட்டாசியில் போங்கள். காலை ஒன்பதுக்குள் சேர்ந்துவிட்டால் வெயில் தாங்கலாம். தாழையின் ஓரமெல்லாம் முள், புதருக்குள் பாம்பு உண்டு. குடிதண்ணீர் சுமக்க வேண்டாம், ஊற்றில் கேட்டால் தருவார்கள். பஸ் நேரம் இப்போது மாறியிருக்கும், காரைக்காலில் விசாரியுங்கள். குப்பத்தில் வழி கேட்கும்போது எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று கேளுங்கள். தூரமா என்று கேட்டால், இன்றைக்கும் ஆமாம் என்பார்கள்.