மரியக்காவோடு பேரம்

ஊர்காவற்றுறையில் மரியநாயகியோடு வாய் கொடுத்து வென்றவர் ஒருவரும் இல்லை. மாதர் சங்கம், பங்குச் சபை, கோயில் பாடகர் குழு எல்லாவற்றிலும் இருந்திருக்கிறார். எந்தக் கூட்டமானாலும் "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று தலைவர் கேட்டு முடிக்குமுன் "எனக்குச் சம்மதமில்லை" என்பார். பிறகுதான் விஷயம் என்னவென்று விசாரிப்பார். அவருடைய வேலிக்கு இந்தப் பக்கம் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் 'நினைவுத் தோழமை' தூதுவராக எடுத்தது. மறதி நோய் வந்தவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்கும் உதவுகிற சின்னத் தொண்டு நிறுவனம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு மாடி அறைதான் அலுவலகம். ஊருக்கு ஒருவரைப் பிடித்து, சோற்றுப் பார்சலோடு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, நிறுவனத்தின் பெயர் எழுதிய ஊதா நிற ரீசேட்டும் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் தந்து, 'தன்னார்வத் தூதுவர்' என்று பெயர் வைத்து அனுப்புவார்கள். மரியக்காவுக்குத் தன்னார்வம் என்ற பகுதி காதில் ஏறவில்லை. தூதுவர் ஏறிவிட்டது. எழுத்து மறைகிறதே என்று ரீசேட்டைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

பிரசாரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பாதை. காரைநகருக்கும் எங்களுக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறோம். அது கடலுக்கு நடுவில் நிற்கும்போது யாரும் இறங்கி ஓட முடியாது. இது தெரிந்துதான் மரியக்கா அங்கே போனார்.

"மறதி வந்த ஆக்களோட முகத்தைப் பாத்து ஆறுதலாக் கதையுங்கோ," என்பார். "நினைவிருக்கோ, நினைவிருக்கோ எண்டு சோதிக்காதேங்கோ. பிழையாச் சொன்னாலும் எதிர்த்துக் கதைக்காதேங்கோ. ஓம் எண்டு விடுங்கோ."

எதிர்த்துக் கதைக்கக்கூடாது என்று மரியக்கா ஊருக்குப் படிப்பித்ததைக் கேட்டுப் பாதை ஓட்டுபவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். மீன் விற்கும் அம்புறோஸ் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டான். அவனை முன்னால் நிறுத்தி, ஆறுதலாகப் பார்ப்பது எப்படி என்று அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கரை வரும்வரை அவன் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். முன்பெல்லாம் எங்கள் ஊரில் மறதி வந்தவரை அறைக்குள் வைத்துக்கொண்டு "ஐயாவுக்குக் காய்ச்சல்" என்பார்கள். வீட்டில் கலியாணப் பேச்சு நடந்தால் அந்தக் காய்ச்சல் வருடக்கணக்கில் நீளும். இன்று அந்த ஐயாமாரை ஞாயிறு பூசைக்குக் கைபிடித்துக் கூட்டி வருகிறார்கள். அதற்குக் காரணம் மரியக்காவின் வாய்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வாய்க்குத் தினசரிப் பயிற்சி அம்புறோஸிடம் நடக்கும். இறங்குதுறைப் பக்கம் சாக்கு விரித்துக் கூறு போட்டு வைத்திருப்பான். அவன் ஒரு விலை சொல்ல, மரியக்கா அதில் பாதியைக் கேட்பார். அவன் தன் பிள்ளைகுட்டிகளின் பசியைச் சொல்ல, இவர் மீனின் கண்ணைப் பழிப்பார். இரண்டு தரம் கோபித்துக்கொண்டு போவதுபோல் போய்த் திரும்பி வருவார். பேரம் பேசாமல் வாங்கிய மீனுக்குக் குழம்பில் ருசி வராது என்பது அவருடைய கொள்கை.

இந்த வருடம் மாரி முடிந்த கையோடு ஒரு காலை, மரியக்கா பாதி விலை கேட்டதும் "சரி, எடுங்கோ அக்கா" என்றுவிட்டான் அம்புறோஸ். வெற்றிச் செய்தி வேலிக்கு மேலால் எனக்கும் வந்தது. அடுத்த நாளும் அப்படியே கொடுத்தான். மாதர் சங்கத்தில் அவர் எதைச் சொன்னாலும் "ஓம் மரியக்கா" என்றார்கள். பாடகர் குழுவில் அவர் எடுத்த சுருதிக்கே எல்லோரும் இறங்கிப் பாடினார்கள், கேட்கச் சகிக்கவில்லை.

"இப்பதான் இந்தச் சனத்துக்குப் புத்தி வந்திருக்கு," என்றார் என்னிடம். ஆனால் நாள் போகப் போக அவருடைய முகம் வாடிவிட்டது. சாப்பாட்டில் மனமில்லை என்றாள் அவரோடு இருக்கும் தங்கை மகள் யூலியானா.

ஊர் இப்படி விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பாதையில் போகும்போது பேசிய பேச்சை, வரும்போது அதே ஆட்களிடம் முதலிலிருந்து பேசினார். மீன் வாங்கிக்கொண்டு போனவர் சற்று நேரத்தில் பனையோலைப் பையான உமலை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி வாங்கினார். இதைப் பற்றி ஊரில் யாரும் கூடிக் கதைக்கவில்லை. அவர் சொல்லித்தந்த பாடத்தை அவரவர் தாங்களாகவே அவரிடம் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஊருக்குப் பாடம் அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது.

ஒருநாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே, வாங்கிய மீனை மரியக்கா சாக்கில் திருப்பிப் போட்டார்.

"என்னடா அம்புறோஸ், ஏன் என்னோட சண்டை பிடிக்கிறாயில்லை?"

"சண்டை என்னத்துக்கு அக்கா. நீங்கள் சொன்ன விலைதானே."

"நான் சொன்னது அநியாய விலை. அதுக்கு நீ தரக்கூடாது."

அம்புறோஸ் கையைத் துடைத்தான். அவருடைய முகத்தை நேரே பார்த்து, ஆறுதலாக, "ஓம் அக்கா," என்றான்.

அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பி அந்தப் பார்வையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. மரியக்காவுக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டார்.

"எது அக்கா?"

"எனக்கு முன்னால நீ இப்பிடி நிக்கிறது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாரி முடிஞ்ச கையோட தொடங்கினது அக்கா. ரெண்டாந்தரம் வாங்குறதை யூலியானா பின்னேரம் கொண்டுவந்து தருவா."

மரியக்கா மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருந்தார்.

யூலியானா யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். நோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது என்றார் டொக்டர். மரியக்கா அவரோடு வாதாடினாராம், ஆனால் அதிக நேரம் இல்லை. அங்கிருந்து நேரே 'நினைவுத் தோழமை'க்குப் போய், மடித்த ரீசேட்டையும் அட்டையையும் பொறுப்பாளர் பவதாரணியின் மேசையில் வைத்திருக்கிறார்.

"எனக்கே வந்திட்டுது பிள்ளை. இனி நான் தூதுவரா இருக்க ஏலுமே?"

"எந்த நாட்டுத் தூதுவரும் அந்த நாட்டு ஆளாத்தானே அம்மா இருக்கவேணும்," என்றாளாம் பவதாரணி. "இவ்வளவு நாளும் எங்களிட்டை அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"எனக்குச் சம்மதமில்லை," என்றார் மரியக்கா. சொல்லிக்கொண்டே ரீசேட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

அந்த வாரமே பாதையில் ஏறினார். பயணிகள் வழக்கம்போல் ஆறுதலாகப் பார்த்தார்கள்.

"எதிர்த்துக் கதைக்காதேங்கோ எண்டு உங்களுக்குச் சொல்லித் தந்தனான்," என்றார். "அது முழுக்கச் சரியில்லை. நான் நாள் கிழமையைப் பிழையாச் சொன்னால் விடுங்கோ. செத்த ஆளைச் சுகமோ எண்டு கேட்டாலும் விடுங்கோ. ஆனா மீன் விலையில விட்டுத் தராதேங்கோ. எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினால், நான் இருக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாமல் போகுது."

பாதை ஓட்டுபவர் அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு கூறு ஓரா மீனுக்கு அம்புறோஸ் சொன்ன விலையைக் கேட்டு, வாங்க வந்த நானே பின்வாங்கிவிட்டேன்.

"எடுத்தால் எடுங்கோ, இல்லாட்டி வழியை விடுங்கோ," என்றான் மரியக்காவிடம்.

"உனக்கென்ன விசரே?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினார். மீனின் கண், செவுள், அம்புறோஸின் பரம்பரை என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவனும் வஞ்சகமில்லாமல் திருப்பிக் கொடுத்தான். இரண்டு தரம் கோபித்துக்கொண்டு போய் வந்து, கடைசியில் ஒருபடியாக மீனை வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க வீட்டுக்குப் போனார்.

சற்று நேரத்தில் ஊதா ரீசேட் வெறும் உமலோடு மறுபடி வந்தது. சுற்றி நின்றவர்கள் அம்புறோஸைப் பார்த்தார்கள். அவன் இன்னொரு கூறு ஓராவை முன்னால் இழுத்து வைத்தான். முதலில் சொன்ன அதே விலையைச் சொன்னான்.

"எடுத்தால் எடுங்கோ, இல்லாட்டி வழியை விடுங்கோ."

"உனக்கென்ன விசரே?" என்று சேலையைச் செருகினார் மரியக்கா.

இரண்டாம் தரம் அவர் இன்னும் கொஞ்சம் குறைத்து வாங்கினார்.