குரு கேட்டுப் போன துறவி

பிள்ளைகளே, போன புதன்கிழமை காலை ஆறு மணிக்கு குவேக்கர்ஸ் ஹில் வீட்டிலிருந்து புறப்பட்டேன். மேற்கே லித்கோ மலைப்பக்கம், நூற்றுப்பத்து கிலோமீட்டர். அங்கே சின்ன மடம் ஒன்று. கறுப்பு அங்கி, நீளத் தாடியோடு மூன்று ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவத் துறவிகள். தேன் வாங்கப் போய்ப் பழக்கம். அவர்களுடைய வான் வண்டி பழுது. சிட்னியில் தங்கள் ஆயரை, அதுதான் பிஷப்பை, பார்க்கவேண்டிய ஃபாதர் லூக்காவை நான் ஏற்றினேன்.

"என்ன அலுவல், ஃபாதர்?"

"ஃபாதர் என்பது மரியாதைக்குத்தான்; நாங்கள் மூவரும் துறவிகள், பூசை வைக்கும் குரு இல்லை. மாதம் ஒருமுறை வருகிறவரும் இனி வரமாட்டார். ஒரு குருவைத் தாருங்கள் என்று கேட்கப்போகிறேன். இல்லாவிட்டால் மடத்தை மூடவேண்டியதுதான்."

ஐயர் இல்லாத கோயிலை நினைத்துப் பாருங்கள்.

"முந்திய காலத்தில் எங்கள் துறவி ஒருவர், தன் சனத்துக்கு ஆயர் வேண்டுமென்று கேட்க, அயல்நாட்டுப் பேரரசின் பெரிய குருவிடம் கப்பலிலும் குதிரையிலும் போனார். எனக்கு உன் டொயோட்டா!" என்று ஃபாதர் சிரித்தார்.

பிளாக்டவுன் பக்கம் வர உங்கள் அம்மா போன் எடுத்தா. "ஹோம்புஷ் கடையில சாமியாருக்கு இட்லி வாங்கிக் குடுங்கோ. புதன்கிழமை விரதம், பாலும் எண்ணெயும் தொடமாட்டார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம், ஓம்."

ஒரு தட்டு பதினொரு டொலர். சாம்பாரில் எண்ணெய் என்று ஃபாதர் சீனி தொட்டு ஆறு இட்லி சாப்பிட்டார்!

பதினொரு மணிக்கு ஆயர் வீடு. ஃபாதர் ஆயர் முன் நின்று வலக்கையை இடக்கைமேல் வைத்து ஏந்தினார், நாங்கள் திருநீறு வாங்குவதுபோலவே. பிறகு குனிந்தார், அவர் முதுகு எனக்கு மறைத்தது. என் முறை வந்தது. நானும் ஏந்தினேன். ஏதோ தரப்போகிறார் என்று நின்றால், ஆயர் தன் கையையே என் கையில் வைத்தார். முத்தமிடவேண்டுமாம்! எனக்கென்ன தெரியும்? எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். "இதுவும் நன்றாயிருக்கிறதே" என்றார் ஆயர்.

உள்ளே போன ஃபாதர் வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. திரும்பும் வழியில், பென்ரித் தாண்டும்போது சொன்னார்.

"என்னையே குருவாக்கப் போகிறாராம்."

"நல்ல செய்திதானே!"

"நான் தேனீ பார்க்கிறவன். வேறு ஆளைத்தான் கேட்டேன்."

"அப்போ மாட்டேன் என்று சொல்லலாமே?"

"ஆயர் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சு இல்லை." மலைப்பக்கம் பார்த்து, "மடத்தையும் மூடவேண்டியதில்லை" என்றார்.

எங்கள் கோயிலென்றால் கூட்டம் வைத்து, கை உயர்த்தி, இரண்டு பேர் கோபித்துக்கொண்டும் போயிருப்பார்கள்.

மூன்று மணிக்கு மடத்து வாசலில் மற்ற இரு துறவிகளும் நின்றார்கள்.

"குரு எப்போ வருவார்?" என்றார் மூத்தவர்.

"வந்துவிட்டார்" என்றார் ஃபாதர் லூக்கா.

மூத்தவர் குனிந்து காருக்குள் பார்த்தார். நான்தான் இருந்தேன். நிமிர்ந்து ஃபாதரைப் பார்த்தார். பிறகு அவரைக் கட்டிப்பிடித்தார். நான் காரைத் திருப்பிக்கொண்டு வெளிக்கிடும்போதும் விடவில்லை.